கழுத்துத் தோல் தொங்குகிறது, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

கேள்வி (கோவை, வயது 58):
சர்க்கரை நோய் வந்த பிறகு நடையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் எடையை நிறையக் குறைத்தேன். கன்னமும் கழுத்தும் தொங்கிவிட்டன. எதிரில் வருபவர்கள் எல்லாம் “உடம்பு சரியில்லையா?” என்று விசாரிக்கிறார்கள். முகத்தையும் கழுத்தையும் ஒன்றாகவே சரிசெய்துவிடலாம், ஒரு மாத ஓய்வு போதும் என்கிறார் மருத்துவர். வைகாசியில் மகளுக்குத் திருமணம். இப்போது பங்குனி. செய்துகொள்ளலாமா?

பதில் 1:
நான் செய்துகொண்டவள். வலியைவிட இறுக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. காதுமடல் பல மாதங்கள் மரத்தே இருந்ததால் கண்ணாடியைப் பார்த்துத்தான் தோடு போட்டேன். விளைவில் எனக்குத் திருப்தியே.

பதில் 2 (ஓய்வுபெற்ற செவிலியர், பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு):
அம்மா, கல்யாணம் முடியட்டும். ஒரு மாதத்தில் கடைக்குப் போய்வரலாம். மணப்பெண்ணின் தாயாக மேடையில் நிற்பது வேறு. கன்றிய நீலம் இரண்டு, மூன்று வாரங்களில் மறையும். வீக்கம் முழுதாக வடியவும் தழும்பின் சிவப்பு தணியவும் மாதக்கணக்கில் ஆகும்.

வெறும் தோலை இழுத்துத் தைப்பது என்று நினைக்காதீர்கள். தோலுக்கு அடியில் எஸ்.எம்.ஏ.எஸ். என்றொரு படலம் உண்டு. 1976இல் மருத்துவர்கள் அதை விவரித்து எழுதிய பிறகுதான் அதையும் சேர்த்துத் தூக்கும் வழக்கம் பரவியது. கழுத்தில் பிளாட்டிஸ்மா தசை. அது நடுவில் பிரிந்து கயிறு போலத் துருத்தினால் தாடைக்கு அடியில் சிறிதாகக் கீறி இரு ஓரங்களையும் இணைத்துத் தைப்பார்கள். மற்ற கீறல் காதைச் சுற்றிப் போகும். நெற்றிச் சுருக்கம் இதனால் போகாது.

அறுவை சிகிச்சை முடிந்த அன்றைய இரவுதான் எங்களுக்குக் கவலை. தோலுக்கு அடியில் இரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான். ஒரு பக்கம் மட்டும் உப்பி, வலி ஏறிக்கொண்டே போனால் நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்ப வேண்டும். விடியட்டும் என்று பொறுத்திருக்கும் நல்ல மனசு இங்கே வேண்டாம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் இந்த ஆபத்து கூடும். முக நரம்பு பாதிக்கப்பட்டு வாய் கோணுவதும் உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், அபூர்வமாக நிலைத்துவிடும்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் காயம் ஆறத் தாமதமாகலாம். மூன்று மாதச் சராசரி அளவைக் காட்டாமல் தேதி வாங்காதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா? சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் பாட்டி சொன்னார் என்று காயத்தில் மஞ்சள் பூசாதீர்கள். நான் துடைத்த மஞ்சள் கொஞ்சநஞ்சமல்ல! முதல் இரண்டு வாரம் குனிந்து கோலம் போடுவது கூடாது. தலையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். தலைமுடிக்குச் சாயம் பூசுவதானால் முன்பே பூசிக்கொள்ளுங்கள். பிறகு பல வாரங்கள் அனுமதிக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சிஸ்டர். மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்குமா? காது குத்திய இடத்தில் எனக்குத் தழும்பு தடித்திருக்கிறது, அதனால் ஏதும் ஆகுமா?

செவிலியர்:
அழகுக்கான சிகிச்சை என்பதால் பொதுவாகக் கிடைக்காது. தடித்த தழும்பை அவசியம் மருத்துவரிடம் காட்டுங்கள். கெலாய்டு வாகு (தழும்பு அளவுக்கு மீறித் தடித்து வளரும் உடல்வாகு) இருந்தால் இந்தக் கீறலும் அப்படியே தடிக்கலாம். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தேதி குறிக்கிறவர் என்றால், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற மேற்பட்டம் படித்த வேறொருவரிடம் போங்கள்.