நமீபியா: பத்து நாளில் பாலைவனம், விலங்குகள், கடல். எதை விடலாம்?

கடற்காகம்:
வணக்கம். ஆகஸ்டில் நமீபியா போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், மனைவி, ஒன்பது வயது மகள். 2022இல் அங்கிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்குக் கொண்டுவந்தார்களே, அந்தச் செய்தியிலிருந்து மகளுக்கு அந்த நாட்டின் மேல் ஒரே பித்து. விமானத்துக்கு ஆகும் நேரம் போக, சுற்றுவதற்குப் பத்து நாள் கிடைக்கும். எட்டோஷா விலங்குப் பூங்கா, சோசுஸ்வ்லே மணல்மேடுகள், கடலோர ஊரான ஸ்வாகோப்மண்ட், ஸ்கெலிட்டன் கோஸ்ட் கடற்கரை, ஃபிஷ் ரிவர் கேன்யன் பள்ளத்தாக்கு எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. டூர் கம்பெனி சொன்ன விலை கட்டுப்படியாகாது, நாமே வண்டி எடுத்து ஓட்டலாமா? வெட்ட வேண்டுமென்றால் எதை வெட்டுவது?

மண்ரோடு:
ஃபிஷ் ரிவரை வெட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம். அது தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து தெற்கே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், எட்டோஷாவோ வடக்கே. அந்தப் பள்ளத்தாக்கின் அருமையே உள்ளே இறங்கி நாலைந்து நாள் நடப்பதில்தான் இருக்கிறது, அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் விடமாட்டார்கள். மேலே நின்று எட்டிப் பார்க்க மட்டும் மூன்று நாளைச் செலவழிப்பது வீண்.

மிச்சத்தை ஒரு வட்டமாகப் போடுங்கள்: விண்ட்ஹூக், செஸ்ரியம் (சோசுஸ்வ்லேவுக்கு நுழைவாயில்), ஸ்வாகோப்மண்ட், எட்டோஷா, திரும்ப விண்ட்ஹூக். செஸ்ரியத்தில் எப்படியாவது பூங்கா கேட்டுக்கு உள்ளே இடம் பிடியுங்கள். வெளியே தங்குகிறவர்களுக்குச் சூரியன் உதிக்கும்போதுதான் கேட் திறக்கும், உள்ளே இருப்பவர்களை ஒரு மணி நேரம் முன்னாலேயே விட்டுவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் டெட்வ்லே போய்ச் சேரலாம். வெளுத்த களிமண் தரை, சுற்றிலும் செம்மணல், நடுவே பல நூறு வருடங்களுக்கு முன் செத்து, மட்கக்கூட ஈரமில்லாமல் அப்படியே நிற்கும் கருத்த மரங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல், அங்கே சொந்தமாக ஓட்டி வீரம் காட்டாமல் ஷட்டிலில் ஏறிவிடுங்கள்.

ஸ்டெப்னி:
ஓட்டலாம் சார். நம்மூர் மாதிரி இடது பக்கம்தான், நெரிசலும் கிடையாது. ஆபத்து அந்தக் காலியான ரோட்டில்தான்: முக்கால்வாசி சரளைச் சாலை, நேராக, அகலமாகக் கிடக்கும், கால் தானாக அழுத்தும், ஒரு வளைவில் சட்டென்று பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கி வண்டி கவிழ்ந்துவிடும். எண்பதைத் தாண்டாதீர்கள். இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள், பங்க் கண்ணில் பட்டால் அரை டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். எனக்கு வண்டி கொடுத்தவர்கள் 'முழு இன்சூரன்ஸ்' என்றுதான் சொன்னார்கள், திருப்பிக் கொடுக்கும்போது கல் பட்ட கண்ணாடிக்குத் தனியாகப் பிடுங்கினார்கள், அதனால் டயரும் கண்ணாடியும் சேர்த்தியா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டினால் ஓட்டவே வேண்டாம், பெரிய மான்கள் குறுக்கே பாயும்.

நீர்க்குட்டை:
வட்டம் சரி, ஆனால் எட்டோஷாவுக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள். ஆகஸ்டில் காடு காய்ந்து கிடக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வந்தே ஆக வேண்டும், அதனால் அலையாமல் ஒரு குட்டையருகே வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிடுங்கள். யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரிசையில் வரும். ஒகாக்குவேயோ முகாமில் குட்டைக்கு இரவு விளக்குப் போட்டிருப்பார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். காட்டெருமையும் நீர்யானையும் அங்கே கிடையாது, பாப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவள் கேட்கும் சிவிங்கிப்புலி பூங்காவில் சிக்குவது அதிர்ஷ்டம்தான். நமீபியாவில் அவை பெரும்பாலும் தனியார் பண்ணை நிலங்களில்தான் வாழ்கின்றன. ஆட்டைப் பிடிக்கிறது என்று விவசாயிகள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டோஷாவிலிருந்து விண்ட்ஹூக் திரும்பும் வழியில் ஒச்சிவரோங்கோ வரும், அதன் பக்கத்தில் 1990இல் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியத்தின் மையம் இருக்கிறது. மந்தையைக் காக்கப் பெரிய நாய்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள், நாய் குரைத்தாலே சிவிங்கிப்புலி கிட்டே வராது, சுட வேண்டிய வேலையும் இல்லை. குனோவுக்கு அனுப்பியதிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஒரு பாதி நாள் அங்கே போகட்டும்.

கடற்காகம்:
ரொம்ப நன்றி, ஃபிஷ் ரிவர் போயே போச்சு. ஸ்கெலிட்டன் கோஸ்ட்? அப்புறம் நாங்கள் சைவம்.

மண்ரோடு:
ஸ்கெலிட்டன் கோஸ்ட் முழுவதும் போக வேண்டாம், கேப் கிராஸ் போதும். அது ஸ்வாகோப்மண்டிலிருந்து 120 கிலோமீட்டர் வடக்கே, அங்கே ஆயிரக்கணக்கில் கடல்நாய்கள், மூக்கைப் பொத்த ஒரு துணி எடுத்துப்போங்கள். வால்விஸ் பே பக்கம் போனால் பூநாரைகள், மணல்மேட்டில் பலகையில் குப்புறப் படுத்துச் சறுக்குவதும் உண்டு, மகளுக்கு வயது வரம்பு என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். பென்குவேலா என்ற குளிர் நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் காலையில் மூடுபனி கவிழும், பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாப்பாடு கறிமயம்தான். சமையல் வசதியுள்ள அறையாகப் பிடித்து, விண்ட்ஹூக் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க ராண்டும் அங்கே செல்லும், நமீபிய டாலரும் அதே மதிப்பு. எட்டோஷா முகாம் அறைகளை மட்டும் இன்றைக்கே புக் பண்ணுங்கள், ஆகஸ்டுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.