பதில்: தவழ்வெளியா, தளத்தடி வெளியா?

> தவழ்ந்து போகும் இடம்தானே தம்பி, ‘தவழ்வெளி’ என்றே போட்டுவிடலாம்.

அண்ணா, என் பூஞ்சணக் கட்டுரையில் வரும் ‘crawl space’, அதாவது வீட்டுத் தளத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தாழ்ந்த வெற்றிடம், அதற்குத் ‘தவழ்வெளி’ என்று போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேற்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், “நேர்சரியில இருக்கிறதோ?” என்று கேட்டார். முந்தி வந்த ‘ஊர்வெளி’ இன்னும் மோசம், வாசிக்கிறவர் ஊருக்கு வெளியே போய்விடுவார்.

சொல் இல்லாததற்குக் காரணம் இங்கே அந்த இடமே இல்லாததுதான். வெள்ளவத்தையில் அத்திவாரத்துக்குள் மண் நிரப்பி இறுக்கி, மேலே கொங்கிறீட் போட்டுவிடுகிறார்கள். அக்கா வட கரோலினாவில் வாங்கிய வீட்டில் மரச்சட்டங்களின் மேல்தான் தளம், கீழே மண் வரைக்கும் மூன்று அடி வெற்றிடம், அதற்குள் தண்ணீர்க் குழாய்களும் வயர்களும் ஓடுகின்றன. ‘நிலவறை’ என்றால் நின்று நடக்கும் அறை என்று நினைப்பார்கள், ‘நிலத்தடி’ என்றால் கிணற்று நீர் ஞாபகம் வரும். அதனால் ‘தளத்தடி வெளி’ என்கிறேன். எப்படி நுழைகிறோம் என்பதை விட எங்கே இருக்கிறது என்பதுதான் பூஞ்சணக் கதைக்கு முக்கியம். மண்ணின் ஈரம் ஆவியாகி அங்கேதான் தேங்குகிறது, பிறகு அந்தக் காற்றே இடுக்குகள் வழியாக மேலே வீட்டுக்குள் ஏறுகிறது.

பூஞ்சணம் என்றுதான் எழுதியிருக்கிறேன். பங்கசு பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்துக்குச் சரி. பாணில் பிடிப்பதை யாரும் பங்கசு என்பதில்லையே.

எனக்குத் தலையிடி தந்தது ‘காற்றோட்டத் துளை’. பழைய வீடுகளில் அத்திவாரச் சுவரில் இவற்றை வைத்தது ஈரம் வெளியேறட்டும் என்றுதான், ஆனால் அந்தப் பக்கத்துக் கோடையில் நடப்பது தலைகீழ். 30 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று உள்ளே வந்து 22 பாகையில் கிடக்கும் குழாயில் பட்டால், பிரிஜ்ஜிலிருந்து எடுத்த போத்தல் மாதிரி வியர்க்கும். அதனால் இப்போது துளைகளை அடைத்து, மண்ணை மூடி, தேவையென்றால் ஈரநீக்கி வைத்து ஈரப்பதனை 60 சதவீதத்துக்குக் கீழே பிடிக்கச் சொல்கிறார்கள். தமிழில் காற்றோட்டம் என்றாலே நல்லது என்று ஒரு வாசனை இருக்கிறதே, அதை அடை என்றால் வாசிக்கிறவர் நம்புவாரா? ‘புறக்காற்றுத் துளை’ என்று போட்டால் சந்தேகம் தானாக வரும்.

மண்ணின் மேல் விரிப்பது குறைந்தது 0.15 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலித்தீன். இதை ‘ஈரத்தடை’ என்றால் நம்முடைய மேசன் பாஸ் சுவருக்கு அடியில் போடும் டிபிசி என்று எடுத்துக்கொள்வார். அது சுவர் வழியே ஏறும் தண்ணீரைத் தடுப்பது, இது மண்ணிலிருந்து எழும் ஆவியை. ஆகவே ‘ஆவித்தடுப்பு விரிப்பு’. பீலித் தண்ணீர் அத்திவாரத்தடியில் விழுந்துகொண்டிருந்தால் எந்த விரிப்பும் உதவாது, அது வேறு விஷயம்.

தளத்தடி வெளி முழுவதையும் விரிப்பால் மூடி ஒட்டுவதற்கு ‘மூடிக்கட்டல்’ போட்டிருக்கிறேன், திருப்தியில்லை.

---

> ‘மூடிக்கட்டல்’ போட்டிருக்கிறேன், திருப்தியில்லை.

எனக்கும்தான். சோற்றுப் பார்சல் மாதிரி இருக்கிறது. ‘உறையிடல்’ போடுங்கோ தம்பி, சுவரிலும் ஏற்றி ஒட்டுகிறார்கள் என்பதால் பொருந்தும். தளத்தடி வெளி சரி, தவழ்வெளியை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் புறக்காற்றுத் துளைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன், கலைச்சொல் துளையின் பெயரைச் சொன்னால் போதும், அதை அடைக்கச் சொல்லி வாதாடுவது உங்கள் கட்டுரையின் வேலை.