ஒரு சம்பளத்தில் வாழ்ந்து இன்னொன்றைச் சேமிக்கும் தம்பதிகளே, உங்கள் வீட்டுக் கதை என்ன?

மெதுநடை எழுதியது:

வீட்டுக்காரரும் நானும் வேலைக்குப் போகிறோம். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது, இன்னொன்று வந்த அன்றே முதலீட்டுக்குப் போய்விடுகிறது. ஆசையை அடக்கிய முனிவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், எங்கள் ஆசைப் பட்டியல் நீளமானதுதான். ஐம்பது வயதுக்குள் 'பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் ராஜினாமா' என்கிற நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது அதில் முதலிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களுக்குள் வந்த பெரிய சண்டையைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். காரணம் 300 என்கிற எண். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு கையில் இருந்தால் வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு, பலருக்கும் தெரிந்திருக்கும். அதையே மாதச் செலவுக்கு மாற்றினால் 300 மடங்கு. மாதாமாதம் 100 போகிற ஒரு செலவைக் கடைசிவரை தாங்க 30,000 ஒதுக்கி வைக்க வேண்டும். ஒருமுறை வாங்கியதோடு முடிகிற பொருளுக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. மாதாமாதம் கை நீட்டுகிற செலவுக்குத்தான்.

இது தெரிந்த நாளிலிருந்து அவர் எல்லாவற்றையும் பெருக்க ஆரம்பித்தார். என் உடற்பயிற்சிக் கூடக் கட்டணம், ஓடிடி சந்தா, நான் கேட்கும் பாட்டுச் செயலி, எதுவும் தப்பவில்லை. "முந்நூறால் பெருக்கிப் பார்த்தியா?" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. சரி என்று நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல்லைத் திறந்து, வாரத்தில் பாதி நாள் தூசு படிந்து நிற்கும் எங்கள் இரண்டாவது காருக்குக் கணக்குப் போட்டேன். காப்பீடு, எரிபொருள், சர்வீஸ், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாவற்றையும் மாதத்துக்கு வகுத்து, 300 ஆல் பெருக்கி, என் சந்தாக்களின் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். என் சந்தாக்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் காருக்குக் கால்வாசி கூட வரவில்லை.

காரை விற்றோம். அதைவிட முக்கியமாக, அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். மாதம் பிறந்ததும் இருவருக்கும் சம அளவில் 'கேள்வி கேட்காத பணம்'. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது இதில் வராது. அவர் பழைய கேமரா லென்ஸ் வாங்குகிறார், எதற்கு என்று நான் கேட்பதில்லை. நான் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன், அவர் பெருக்குவதில்லை. சிக்கனத்தில் கஷ்டமான பகுதி செலவைக் குறைப்பது இல்லை என்பது என் கருத்து. ஒருவர் போலீஸாகவும் இன்னொருவர் திருடராகவும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

உங்கள் வீட்டில் எப்படி?

பழைய பேட்டரி எழுதியது:

எங்கள் வீட்டில் சண்டைக்குப் பதில் முடிவெட்டு. டிரிம்மர் வாங்கி மனைவியிடம் கொடுத்தேன். முதல் தடவை பின்னந்தலை படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது, அலுவலகத்தில் ஒரு வாரம் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தேன். இப்போது கை தேர்ந்துவிட்டாள். காதோரம் வரும்போது காது மடலை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு, சீப்பின் மேல் டிரிம்மரை ஓட்டுகிற அழகே தனி.

போன் மெதுவானால் பேட்டரியை மட்டும் மாற்றுகிறோம். செருப்பு தேய்ந்தால் அடிப்பாகம். இதிலெல்லாம் கோடீஸ்வரன் ஆகிவிட முடியாது என்று தெரியும். ஆனால் 'இது இல்லாமலும் முடியும்' என்கிற தைரியம் வருகிறது பாருங்கள், அதற்காகவே செய்கிறோம்.

இரண்டாம் கணக்கு எழுதியது:

மெதுநடை அக்கா, உங்கள் வீட்டில் பெருக்கல், எங்கள் வீட்டில் சதவீதம்.

எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதைவிட, வருவதில் எத்தனை சதவீதம் நிற்கிறது என்பதுதான் ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. பணவீக்கம் போக ஆண்டுக்கு 5% வளர்ச்சி, இலக்கு 25 மடங்கு, ஆரம்பத்தில் கையில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10% சேமித்தால் 51 ஆண்டு ஆகும். 25% என்றால் 32. பாதியைச் சேமித்தால் 17 ஆண்டுக்குள் முடிந்துவிடும். 75% சேமிக்க முடிந்தால் ஏழே ஆண்டு. செலவைக் குறைக்கும்போது சேமிப்பு கூடுவதோடு, எட்ட வேண்டிய இலக்கும் குறைகிறது. அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். சம்பளம் கூடும்போது செலவும் அதே விகிதத்தில் கூடினால், பதவி உயர்வு வந்தும் ஒரு வருஷம் கூடக் குறையாது.

இந்தக் கணக்கை என் கணவரிடம் காட்டியபோது கொட்டாவி விட்டார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கொட்டாவி. சில மாதம் கழித்து, கணக்கையெல்லாம் மூடிவைத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை ஆபீஸ் கிடையாது, இனி எந்தச் செவ்வாயும் கிடையாது. என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டேன். மரவேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்றார், அப்பாவோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றார், நிறுத்தவே இல்லை. அப்புறம் அவராகவே தவணையில் வாங்க இருந்த டிவியை வேண்டாம் என்றுவிட்டார். துணையை இழுத்து வர நினைப்பவர்கள் எக்செல்லிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

கரையோரம் எழுதியது:

வேலையை விட்டுவிட்டவன் என்ற முறையில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 25 மடங்கு எங்கிருந்து வந்தது? 1994 இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்துப் பார்த்தார். சேமிப்பில் முதல் ஆண்டு 4%, அதாவது 25 இல் ஒரு பங்கு எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால், மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் பணம் 30 ஆண்டு தாங்கியது. கவனியுங்கள், அமெரிக்கா, 30 ஆண்டு. நாற்பது வயதில் விடுகிறவருக்கு 50 ஆண்டு தாங்க வேண்டும். நாங்கள் 3% என்று வைத்தோம், அதாவது 33 மடங்கு. கூடுதலாகச் சில ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது.

சந்தை விழுவதைவிட, எப்போது விழுகிறது என்பதுதான் ஆபத்து. வேலையை விட்ட முதல் சில ஆண்டுகளில் விழுந்தால், விலை குறைந்த நேரத்தில் விற்றுச் சாப்பிட வேண்டிவரும், பிறகு சந்தை எழுந்தாலும் நம்மிடம் எழுவதற்குப் பங்கு மீதி இருக்காது. ஜப்பானின் நிக்கெய் பங்குச்சந்தைக் குறியீடு 1989 கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 இல்தான். ஒரே நாட்டுச் சந்தையில் மொத்தத்தையும் போட்டவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். நாங்கள் மூன்று ஆண்டுச் செலவைப் பங்குச்சந்தைக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம். நான் விட்டேன், மனைவி விடவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. "சம்சாரம் சம்பாதிக்க நீ சும்மா இருக்கியா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவளிடம் சொன்னேன். "சும்மா இருக்க எத்தனை வருஷம் உழைச்சார்னு கேளுங்கன்னு சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து அதையே சொல்கிறேன்.

ஒற்றைச் சம்பளம் எழுதியது:

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் இரண்டு நல்ல சம்பளம் வருகிற வீட்டுச் சிக்கனம் வேறு, எங்களுடையது வேறு. எங்களிடம் விற்க இரண்டாவது கார் இல்லை, முதலாவதே இல்லை. செலவைக் குறைப்பதற்கு ஒரு எல்லை உண்டு, வாடகையும் மருந்தும் பேரம் பேசாது. நாங்கள் சேமிப்பை விட்டுவிட்டு, மனைவி கணக்குப்பதிவியல் படிப்பதற்குப் பணம் போட்டோம். இப்போது பகுதி நேரமாக இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். சேமிப்பு விகிதம் முதன்முறையாகப் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறது. ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதிதான் இப்போதைக்கு எங்கள் சுதந்திரம், 25 மடங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மெதுநடை எழுதியது:

சகோ, நீங்கள் சொன்னது நியாயம். உங்கள் மனைவிக்கு வாழ்த்து.

பூட்டுச்சாவி எழுதியது:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. என் தோழியின் கணவர் திடீரென்று காலமானார். இருவரும் சேர்ந்தே சிக்கனமாக வாழ்ந்தவர்கள், ஆனால் முதலீடு முழுக்க அவர் கையில். எந்த வங்கி, எந்த ஃபண்ட் என்று அவளுக்குத் தெரியாது. பழைய மின்னஞ்சல்களில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தோம். ஒரு கணக்குக்கு வாரிசுதாரர் (நாமினி) பெயரே இல்லை, அதற்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தாள். கணக்குகளின் பட்டியல் ஒன்று காகிதத்தில், இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மெதுநடை எழுதியது:

அக்கா, இதைப் படித்ததும் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். பட்டியல் பாதி முடிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் தொடங்கிய இரண்டு கணக்குகளில் வாரிசுதாரர் இன்னும் என் மாமியார்தான். மாற்றுவதற்குப் படிவம் எடுத்தாயிற்று, மாமியாரிடம் யார் சொல்வது என்றுதான் இப்போது பேச்சு நடக்கிறது.