'ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்' (1921): எந்த வேகத்தில் ஓட்டுவது?

நிழல்விரும்பி:
இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் இந்தப் பிரெஞ்சுப் புரட்சி மௌனப் படம் இரண்டு பிரதியாகக் கையில் இருக்கிறது. ஒன்று இரண்டரை மணி நேரம், இன்னொன்று 1 மணி 50 நிமிடம். சின்னதில் கில்லட்டின் (தலைவெட்டும் இயந்திரம்) காட்சியைப் பார்த்தால் அழுகைக்குப் பதில் சிரிப்பு வருகிறது. வெட்டிவிட்டார்களா, வேகமாக ஓடுகிறதா?

ரீல்பெட்டி:
ஒரே ஷாட்டை இரண்டிலும் அளந்து பாருங்கள். தெருவில் பாடும் லூயிஸின் குரல் மாடியில் அவள் சகோதரி ஹென்ரியட் காதில் விழும் இடம் வசதி. ஒன்றில் 20 விநாடி, மற்றதில் 15 என்றால் வேகம்தான். இரண்டிலும் ஒரே அளவு, ஆனால் ஷாட்டுகள் குறைகின்றன என்றால் கத்தரி. இரண்டும் சேர்ந்தும் நடக்கும்.

35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம் (தனித்தனிப் படம்). 1000 அடி ரீல் விநாடிக்கு 18 ஃபிரேமில் ஏறக்குறைய 15 நிமிடம் ஓடும். பேசும்பட வேகமான 24-ல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். கையால் சுற்றிய கேமரா என்பதால் துல்லியமான ஒற்றை எண் கிடையாது. காதல் காட்சிதான் காட்டிக்கொடுக்கும்: காதலன் வோத்ரே தலை திருப்புவது கோழி கொத்துவது போலிருந்தால் வேகம் அதிகம்.

கருப்புவெள்ளை:
விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.75 வைத்தால் 24 என்பது 18 ஆகும். அதற்கு முன் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். மூன்றுக்கு ஒன்று இரட்டித்திருந்தால் வேகத்தை ஏற்கெனவே குறைத்திருக்கிறார்கள். மேலும் குறைத்தால் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பார்கள். டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை (இடையில் ஃபிரேம்களைத் தானே சேர்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கைகால்களுக்கு நிழல் முளைக்கும். பின்னணி இசையும் இழுபடும், ஒலியை நிறுத்திவிடலாம்.

நிழல்விரும்பி:
இரட்டிப்பு இல்லை. 0.75-ல் நடை சரியாகிவிட்டது, டைட்டில் அட்டைகள்தான் நகர மாட்டேன் என்கின்றன.

ரீல்பெட்டி:
அட்டையை அளவுகோலாக வைக்காதீர்கள், பிற்காலத்தில் புதிதாகச் செய்து ஒட்டியிருக்கலாம். புரட்சித் தலைவர் டாண்டன் ஹென்ரியட்டைக் காப்பாற்ற விரையும் குதிரைக் காட்சி கொஞ்சம் வேகமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். துரத்தல்களுக்கு அந்தக் காலத்தில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுப்பார்கள், திரையில் வேகம் கூடும்.

கருப்புவெள்ளை:
வண்ணத்தையும் ஒப்பிடுங்கள். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் தோய்ப்பது அன்றைய வழக்கம். சாயமில்லாப் பிரதியில் பட்டப்பகலில் விளக்கோடு அலைவார்கள். அது படத்தின் பிழை அல்ல.