டொமைன் யார் பேர்ல இருக்கு? வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி வெப்காரன்:

வெப்சைட் போட்டுக் கொடுக்கறது என் தொழில். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல், செருப்பு வியாபாரிங்கதான் பெரும்பாலும் பார்ட்டி. 2019-ல வாய்ஸ் டாட் காம்ங்கற டொமைன், அதாவது வெப்சைட் முகவரிப் பேரு, 3 கோடி டாலருக்கு வித்ததைச் சொல்லி "நாமளும் நாலு டொமைன் வாங்கிப் போடலாமா"ன்னு கேக்காத ஆள் இல்ல. முதல்ல உங்க கடைப் பேரு உங்க கையில இருக்கா பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஆம்பூர்ல ஷூ அப்பர் தைச்சு ஏற்றுமதி பண்ற ஒரு பாய். கம்பெனிப் பேர்லயே டாட் காம். பில் புக், விசிட்டிங் கார்டு, அட்டைப்பெட்டி எல்லாத்துலயும் அச்சடிச்சு, பெட்டி மூடி மேல க்யூஆர் கோடும் போட்டாச்சு. ஆனா டொமைனைப் பதிவு பண்ணினது சைட் செஞ்சு கொடுத்த பையன். அவன் மெயில், அவன் கார்டு. அவன் பெங்களூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான், நம்பரும் மாறிடுச்சு. ரினியூவல் ஞாபகமூட்டல் எல்லாம் அவன் பாக்காத பழைய மெயிலுக்கே போயிட்டிருந்தது. ஜெர்மனி பார்ட்டி வாட்ஸப்ல கூப்பிட்டு "உங்களுக்குப் போடற மெயிலெல்லாம் திரும்பி வருது"ன்னு சொன்னப்பதான் பாய்க்கே தெரியும்.

டாட் காம் தேதி முடிஞ்ச அன்னிக்கே கைவிட்டுப் போறதில்ல. டொமைனைப் பதிவு பண்ணிக் கொடுக்கற கம்பெனியை, அதாவது ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரைக்கும் தாக்குப் பிடிக்கும். அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதுல மீட்க அபராதம் தனி. கடைசி 5 நாள் யாராலயும் தொட முடியாது. அதுக்கப்புறம் முந்தினவன் எடுத்துக்குவான். பாய் என்கிட்ட வந்தப்ப ரிடெம்ப்ஷன் ஓடிட்டிருந்தது. எவ்வளவு கேட்டாலும் கட்டத் தயாரா இருந்தார். ஜிஎஸ்டி சர்டிபிகேட், பழைய இன்வாய்ஸ் எல்லாம் அனுப்பினோம். பதிவுல இருக்கறவர் கேட்டாத்தான் நடக்கும்னு ரிஜிஸ்ட்ரார் கையை விரிச்சுட்டாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான். எவன் வேணா லெட்டர்ஹெட் அடிக்கலாமே.

பையனோட அப்பாவுக்கு வாணியம்பாடியில மளிகைக்கடைன்னு விசாரிச்சுப் போனோம். பெரியவர் ஒரு கையால துவரம்பருப்பு மடிச்சுக்கிட்டே இன்னொரு கையில மகனுக்குப் போன் போட்டார். ஓடிபி வந்தது, பாய் பணம் கட்டினார், பேர் திரும்பிச்சு. பையன் கெட்டவன் இல்ல, அப்படி ஒண்ணு இருக்கறதே அவனுக்கு மறந்து போச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எவனோ எடுத்து ரம்மி சைட் போட்டிருப்பான், பெட்டியில இருக்கற க்யூஆரை ஸ்கேன் பண்ற கஸ்டமர் நேரா அங்க போய் நின்னிருப்பான். இப்ப நான் எடுக்கற எல்லா வேலையிலயும் டொமைன் பார்ட்டி மெயில்ல, பார்ட்டி கார்டுலதான். எனக்கு உள்ள போய் வேலை செய்ய அனுமதி மட்டும் போதும்.

சத்துவாச்சாரி:

வாங்கிப் போடற கதை நான் சொல்றேன். 2019 ஆகஸ்ட் 15 அன்னிக்கு வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிக்கப் போறதா முதல்வர் அறிவிச்சார். அன்னிக்கு ராத்திரியே என் நண்பர் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டு ஊர்ப் பேருக்குப் பின்னாலயும் டிஸ்ட்ரிக்ட், நியூஸ், ஜாப்ஸ்னு ஒட்ட வச்சு டொமைனா வாரிக்கிட்டார். கலெக்டர் ஆபீஸ் தேடி வரும்னு நினைப்பு. அரசாங்க சைட் நிக் டாட் இன்ல வரும், இவர்கிட்ட எதுக்கு வரணும்?

அதோட விட்டாரா? 2020 ஜூன்ல 1018 ஊர்ப் பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி அரசாணை வெளியாச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம வேலூர், வி-க்கு அப்புறம் ரெண்டு ஈ, எல்-லுக்கு அப்புறம் ரெண்டு ஓ-ன்னு ஆச்சு. அந்த ஸ்பெல்லிங்லயும் லாட்ஜ், ஹாஸ்பிடல், பிரியாணின்னு வாங்கினார். ஒரு வாரம் சொச்சத்துல ஆணையை வாபஸ் வாங்கிட்டாங்க. முதல் வருஷம் ஆஃபர்ல சல்லிசா வந்ததெல்லாம் ரெண்டாவது வருஷம் முழு விலையில ரினியூவலுக்கு வந்து நின்னுச்சு. வித்தது ஒண்ணே ஒண்ணு, ராணிப்பேட்டை ஜாப்ஸ். சிப்காட்டுக்கு ஆள் அனுப்பற கன்சல்டன்சிக்காரர் வாங்கினார், அவருக்கு நாளைக்கே அதுல வேலை இருந்தது.

ஆற்காடு:

எனக்கு ஒரு மெயில். என் டொமைனை நல்ல விலைக்கு எடுத்துக்கறாராம். ஆனா முதல்ல அவர் சொல்ற சைட்ல மதிப்பீட்டு சர்டிபிகேட் வாங்கணுமாம், அந்தக் காசு நான் கட்டணும். சர்டிபிகேட் விக்கறவனும் வாங்க வந்தவனும் ஒரே ஆள்தான். நிஜமா வாங்கறவன் எஸ்க்ரோல, அதாவது பேர் கைமாறற வரைக்கும் பணத்தைப் பிடிச்சு வைக்கற நடுவாள்கிட்ட, பணத்தைப் போடுவான், உங்ககிட்ட இருந்து கேக்க மாட்டான்.

குடியாத்தம் கைலிக்கடை:

எங்களுக்கு வந்தது சீனாவுல இருந்து. "உங்க பேரை இங்க ஒரு கம்பெனி பதிவு பண்ணப் போவுது, நீங்க முந்திக்கிறீங்களா?" அப்பா பயந்துட்டார். நாம விக்கறது குடியாத்தத்துலயும் ஆந்திராவுலயும்ப்பா, சீனாக்காரன் நம்ம கைலிப் பேரை வச்சு என்ன பண்ணுவான்னு கேட்டேன். பதிலே போடல.

தோட்டப்பாளையம் லாட்ஜ்:

மார்க்கெட்டிங் பத்தி ரெண்டு வார்த்தை. எங்களுக்கு வர்றவங்க முக்கால்வாசி சிஎம்சி-க்கு வர்ற மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குக் குடும்பங்க. ஆஸ்பத்திரிப் பேரைச் சேர்த்து டொமைன் வாங்கலாம்னு தம்பி சொன்னான். வக்கீல் வேண்டாம்னுட்டார். டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு 2004-லயே சத்யம் இன்ஃபோவே வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சாம். டாட் இன்னுன்னா அதை நிர்வகிக்கற நிக்சியோட தகராறு விதிப்படி பேரைப் பிடுங்கிக்கவும் முடியுமாம். அதனால லாட்ஜ் பேர்லயே வாங்கினோம்.

கூட்டம் வந்தது டொமைனால இல்ல. கூகுள் மேப்ல எங்க பக்கத்துல மத்தவங்கள மாதிரி பூச்செண்டு வச்ச ரிசப்ஷன் படம் போடாம, நோயாளி வீட்டுக்காரங்க போன்ல கேக்கறதையே போட்டோம். லிஃப்ட்ல சக்கர நாற்காலி நுழையற படம், அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும்ங்கற விவரம், மாத வாடகை எவ்வளவு, ஓபி கேட்டுக்கு நடந்தா எத்தனை நிமிஷம். எல்லாம் வங்காளியிலயும் இந்தியிலயும். மீன் சமைக்கலாமான்னு நிறைய பேர் கேட்டாங்க, அதையும் எழுதிட்டோம். பக்கத்துல ஒருத்தர் காசு கொடுத்து ரிவ்யூ வாங்கினார். ஒரே வாரத்துல குவிஞ்ச அஞ்சு ஸ்டாரை கூகுள் ஒரே மூச்சுல தூக்கிடுச்சு, கூட நிஜமாப் போட்டதும் சிலது போச்சு.

அணைக்கட்டு விவசாயி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு வந்துச்சு. அந்தப் பேர்ல டொமைன் வாங்கி வச்சா பின்னால விலை போகுமா?

காட்பாடி வெப்காரன்:

அண்ணே, விக்கறதுக்குன்னு வாங்காதீங்க. குறியீடு உற்பத்தியாளருங்களுக்குக் கிடைச்ச உரிமை. அவங்ககிட்டயே பேரை விக்கப் போனா நோட்டீஸ்தான் வரும். உங்க ஊர் விவசாயிங்க குழு பேர்ல எடுங்க, குழு மெயில்ல. முள்ளோட காய் படம், எந்த மாசம் வரத்து, கிலோ என்ன விலை, வேலூருக்குக் கொடுத்தனுப்புவீங்களா, வாட்ஸப் நம்பர், இவ்வளவு போட்டாப் போதும். ஒரு பக்கம்தானே, நானே போட்டுத் தர்றேன். காசு வேணாம், காய் கொடுங்க.