புதுப்பிப்பு: கரண்ட் போனால் கடைசிப் பதிவுகள் காணாமல் போன பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவின் கமிஷன் கடைக்குப் பைத்தானில் எழுதிய நிரல், ஒவ்வொரு எடையையும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த வரிகளாக) சேர்த்துக்கொண்டே போகும். திடீரென்று கரண்ட் போனால் கடைசியாகப் போட்ட வரிகள் மட்டும் இருக்காது என்று கேட்டிருந்தேன்.

முதலில் ஒவ்வொரு வரியையும் எழுதியதும் ஃப்ளஷ் (flush) கட்டளை மட்டும் போட்டுப் பார்த்தேன். நிரல் நடுவில் நின்றுபோனால் அது காப்பாற்றுகிறது, கரண்ட் போனால் இல்லை, ஏனென்றால் ஃப்ளஷ் பதிவை பைத்தானின் பஃபரிலிருந்து (தற்காலிக நினைவகம்) இயங்குதளத்திடம் ஒப்படைப்பதோடு சரி, டிஸ்கில் எழுதுவதை இயங்குதளம் தனக்குத் தோதான நேரத்தில்தான் செய்யும். ஃப்ளஷுக்கு அடுத்த வரியிலேயே பதிவை உடனே டிஸ்கில் எழுத வைக்கும், ஓஎஸ் மாட்யூலின் எஃப்சிங்கையும் (os.fsync) கூப்பிடச் சொன்னவருக்குத்தான் முழுப் பெருமையும். மெயின் சுவிட்சை அணைத்தே சோதித்தோம். அணைப்பதற்குச் சற்று முன் போட்ட 'மல்லி, 4.250 கிலோ' அப்படியே இருந்தது.

எதிர்பாராத ஒன்று: எஃப்சிங்க் மெதுவானது. தராசிலிருந்து ஒவ்வொன்றாக வரும்போது தெரியவில்லை, பழைய கணக்கை மொத்தமாக ஏற்றும்போது நன்றாகவே இழுத்தது, அதனால் அங்கே மட்டும் எல்லா வரியும் எழுதி முடித்த பிறகு ஒரே தடவை கூப்பிடுகிறேன்.

அப்புறம், எக்செலில் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் குழம்பித் தெரிந்தால், கோப்பை உருவாக்கும்போதே என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுங்கள், சரியாகிவிடும்.