ட்யூக் நியூகெம் ஃபாரெவர்: எஞ்சினை மாத்தினது தப்பா, கெடு வைக்காதது தப்பா?

ஊத்தங்கரை_மணி:
பர்கூர்ல அஞ்சு கல்லூரிப் பசங்க அன்ரியல் 4 எஞ்சினில் (எஞ்சின்னா கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருள்) பாதி முடிச்ச கேமை 5-க்கு மாத்தலாமான்னு நம்ம கிருஷ்ணகிரி–தருமபுரி கேமர்ஸ் குழுவில் கேட்டிருந்தாங்க. "மாத்தினா ட்யூக் நியூகெம் ஃபாரெவர் கதிதான்"னு ஒருத்தர் ஒரே வரியில் பதில் போட்டார். என் கருத்தும் அதுதான். ஆனா காரணம் சொல்லாம விட்டா பசங்களுக்கு உதவாது.

அது 3டி ரியல்ம்ஸ் நிறுவனம் 1997 ஏப்ரலில் அறிவிச்ச துப்பாக்கிச் சண்டை கேம், 2011 ஜூனில்தான் வந்துச்சு. 1998 மே மாசம் ஈ3 கேம் கண்காட்சியில் குவேக் 2 எஞ்சினில் ஓடுற ட்ரெய்லரைக் காட்டினாங்க. அடுத்த மாசமே அன்ரியல் எஞ்சினுக்கு மாறுறோம்னு சொல்லிட்டாங்க.

குவேக் 2-க்கு மேப் (கேம் நடக்கிற இடம்) செஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். அங்கே வெறும் வெளியில் சுவர், தரை, கூரைன்னு ஒவ்வொண்ணா வச்சு அடைக்கணும். ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் 'லீக்'னு காட்டும், அதுக்கப்புறம் எங்கிருந்து எது தெரியும்னு பார்க்கிற விஸ் கணக்கு ஓடாது. அன்ரியலில் இது தலைகீழ். உலகமே கெட்டிப் பாறை, அதைக் குடைஞ்சுதான் அறை எடுக்கணும். அதனால ஒரு மேப்கூட அப்படியே போகாது. கேம் லாஜிக்கும் அப்படித்தான். குவேக் 2-ல் சி மொழியில் எழுதின டிஎல்எல் கோப்பு, இங்கே அன்ரியல்ஸ்கிரிப்ட்னு தனி மொழி. கதவு, துப்பாக்கி, எதிரி நடமாட்டம் எல்லாத்தையும் முதலிலிருந்து எழுதணும்.

பென்னாகரம்_வேலு:
அண்ணே, மேப் விஷயத்தில் நீங்க சொன்னது சரி. ஆனா கணக்கு உதைக்குதுங்க. குவேக் 2 கோடு 3டி ரியல்ம்ஸ் கைக்கு வந்ததே 1997 நவம்பரில். அதுக்கு முன்னாடி பத்திரிகையில் வந்த படங்கள் பழைய குவேக் எஞ்சினில் எடுத்தவை. ஆக 1998 ஜூனில் தூக்கிப் போட்டது ஏழெட்டு மாச வேலை. 14 வருஷத் தாமதத்தை அது தலையில் கட்ட முடியாது.

"பத்து எஞ்சின் மாத்தினாங்க"ன்னு எல்லாரும் எழுதுறாங்க, அது சரியில்லை. எஞ்சினையே விட்டு வேற எஞ்சினுக்குப் போனது அந்த ஒரு முறைதான். 2011-ல் கடைக்கு வந்த கேமும் அந்த அன்ரியலிலிருந்து வளர்ந்ததுதான்.

நிஜக் காரணம் பணம் வந்த வழி. முந்தைய கேமான ட்யூக் நியூகெம் 3டி-யிலும் பிறகு மேக்ஸ் பெய்ன் கேமிலும் சம்பாதிச்ச சொந்தக் காசைப் போட்டுத்தான் செஞ்சாங்க. வெளியீட்டு உரிமை டேக்-டூ நிறுவனத்தின் கையில் இருந்தாலும், "இந்த மாசம் இத்தனை மேப் காட்டு, அப்பதான் அடுத்த தவணை"ன்னு அவங்களால கேட்க முடியல. எப்ப வரும்னு கேட்டா "முடிஞ்சதும் வரும்"னு மட்டும் பதில். 2003 வாக்கில் முழு நேரமா வேலை பார்த்தது 18 பேர். அந்த அளவு கேமுக்கு இந்த ஆள்பலம் எப்படிப் போதும்?

ஊத்தங்கரை_மணி:
எஞ்சின் பேரு மாறல, உள்ளே இருந்தது மாறிக்கிட்டே இருந்துச்சே வேலு. காட்சியை வரையற ரெண்டரரைத் திரும்ப எழுதினாங்க, பொருள் விழறது, மோதறது மாதிரி இயற்பியலுக்கு மெக்கான்னு ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தாங்க. 1998-ல் ஒரு சுவருக்கு 256 நிறத்தில் ஒரு படம் போதும். டூம் 3 கேம் வந்த 2004-க்குப் பிறகு அதே சுவருக்கு நார்மல் மேப் (மேடுபள்ளம் காட்டுற படம்) தனியா, ஸ்பெக்குலர் (பளபளப்பு காட்டுற படம்) தனியா வேணும். ஒரு எதிரி உருவத்துக்கு முதலில் லட்சக்கணக்கான பாலிகனில் (சின்னப் பட்டைகள்) சிற்பம் மாதிரி செதுக்கி, அதிலிருந்து நார்மல் மேப்பை எடுத்து, எளிய உருவத்தில் ஏத்தணும். பழைய ஓவியம் எதுவும் தேறாது. இதை எஞ்சின் மாத்தம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

சந்தூர்_ஒட்டுமா:
ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. பங்கனபள்ளி மரத்துக் கிளையை வெட்டிட்டு வேற ரகம் ஒட்டுக் கட்டலாம், வேர் அப்படியே இருக்கும். எங்க ஊர் நர்சரிகளில் செய்யறதுதான். ரெண்டரரை மாத்தறது அந்த வகை. ஒட்டு கட்டினா காய்ப்பு ரெண்டு மூணு வருஷம் தள்ளிப்போகும், மரம் சாகாது. ஆனா வருஷா வருஷம் வெட்டிக்கிட்டே இருந்தா எப்பவும் காய்க்காது.

இதுக்கு அதே நிறுவனத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. ப்ரே கேமை 3டி ரியல்ம்ஸ் 1995-ல் தொடங்கினாங்க, அதுவும் நின்னுபோச்சு. 2001-ல் ஹியூமன் ஹெட் ஸ்டூடியோ கையில் கொடுத்தாங்க. டூம் 3 எஞ்சினை எடுத்துக்கிட்டு 2006-ல் முடிச்சாங்க. ஒரே முதலாளி, ரெண்டு இழுத்த கேம். வெளியாள் கையில் போனது முடிஞ்சுது, வீட்டுக்குள்ளே வச்சுக்கிட்டது முடியல. ட்யூக்கும் அப்படித்தான். 2009 மே மாசம் குழுவைக் கலைச்சாங்க, டேக்-டூ வழக்குப் போட்டாங்க, 2010-ல் கியர்பாக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனதும் அடுத்த வருஷமே வந்துடுச்சு.

அரூர்_தமிழ்:
கெடு இல்லாததே காரணம் என்றால் வால்வு நிறுவனம் எப்படித் தப்பித்தது? தங்கள் டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமை 1999 ஈ3-ல் ராணுவ பாணியில் காட்டினார்கள். அதைக் கைவிட்டு முற்றிலும் வேறு கேமாக 2007 அக்டோபரில் வெளியிட்டார்கள். அங்கேயும் சொந்தக் காசுதான், அங்கேயும் தேதி இல்லை.

என் பார்வையில் ட்யூக்கைக் கெடுத்தது அடுத்தவர் கேமைத் துரத்தியது. 2011 பதிப்பில் ஒரே நேரத்தில் இரண்டு ஆயுதம்தான் எடுத்துச் செல்ல முடியும். ஒளிந்து நின்றால் உயிர்பலத்தைக் காட்டும் 'ஈகோ' தானாக நிரம்பும். இரண்டும் ஹேலோ கேம் பரப்பிய வழக்கம். மொத்த ஆயுதக் கிடங்கையும் தூக்கிக்கொண்டு ஓடியதே பழைய ட்யூக்கின் அடையாளம். புகார் குவிந்த பிறகு பிசி பதிப்புக்குப் பேட்ச் விட்டு நான்கு ஆயுதம் ஆக்கினார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிசி மதிப்பெண் 100-க்கு 54-இல் நின்றது நியாயமே.

பென்னாகரம்_வேலு:
தமிழ் சார், வால்வு நடுவில் 2004-ல் ஹாஃப்-லைஃப் 2-ஐ வெளியே விட்டாங்க. அவங்க சொந்த சோர்ஸ் எஞ்சின் அதில் அடிபட்டுத் தேறின பிறகுதான் டீம் ஃபோர்ட்ரஸ் 2 அதில் ஏறுச்சு. ட்யூக் குழு செஞ்ச ரெண்டரர் எந்தக் கேமிலும் போய்த் தேறல. நீங்க சொன்ன துரத்தலும் இதில்தான் அடங்கும். "இதோட போதும்"னு சொல்ல ஆள் இருந்திருந்தா, 2001 ட்ரெய்லரில் காட்டின கேமே வந்திருக்கும். அப்ப ரெண்டு ஆயுதப் பிரச்சினையும் வந்திருக்காது.

ஊத்தங்கரை_மணி:
சரி, பசங்க கேள்விக்கு வருவோம். நான் மாத்த வேண்டாம்னுதான் சொல்வேன். அன்ரியல் 5-ல் இயற்பியலுக்கு ஃபிஸ்எக்ஸ் போய் கேயாஸ் வந்துடுச்சு. வண்டி ஓடுற கேமா இருந்தா சஸ்பென்ஷன், டயர் பிடிமானம் எல்லாத்தையும் புதுசா அளந்து வைக்கணும். மெட்டீரியலில் மேடுபள்ளம் தர்ற பழைய டெசலேஷன் கிடையாது, அதை நம்பிப் போட்ட கல் தரை தட்டையாயிடும். 5-ல் சேமிச்ச கோப்பு 4-ல் திறக்காது.

பென்னாகரம்_வேலு:
அதுக்குத்தான் நகல் எடுத்துப் பாருங்கன்னு சொல்றேன். ப்ராஜெக்ட்டைத் திறக்கிற யூப்ராஜெக்ட் கோப்பை 5-ல் திறக்கும்போது 'ஓப்பன் எ காப்பி'ன்னு கேட்கும், அதையே கொடுங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ப்ளகினுக்கும் (எஞ்சினோட சேர்க்கிற துணை மென்பொருள்) 5 பதிப்பு இருக்கான்னு பாருங்க, ஒண்ணு இல்லேன்னாலும் அங்கேயே நிறுத்திடுங்க. மாத்தின ப்ராஜெக்ட்டில் லூமன்ங்கிற புது ஒளியமைப்பு தானா ஆன் ஆகாது, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் போய்ப் போடணும். முதலில் ஆஃபிலேயே வச்சு பழைய வேகம் வருதான்னு அளங்க. ஒரே ஒரு மேப், ரெண்டு வாரம். அதுக்குள்ளே அந்த மேப் பழைய மாதிரி ஓடலேன்னா நகலை அழிச்சுட்டு 4-லேயே முடிங்க.

ஊத்தங்கரை_மணி:
ரெண்டு வாரம்னு இப்பவே எழுதி வச்சா எனக்குச் சம்மதம். ஆனா அந்த ரெண்டு வாரமும் நாலு பேர் பழைய பதிப்பில்தான் வேலை செய்யணும், நகலை ஒருத்தர் மட்டும் தொடணும். வண்டி இருக்கிற மேப்பையே எடுங்க. வெறும் அறை மேப் எப்பவும் ஓடத்தான் செய்யும்.